புறங்கையால் தொட்டுப் பார்க்கும் கதவு

அந்த முறை விடுப்பில் வந்திருந்தபோது என் கணவர் எந்தக் கதவையும் நேராகத் திறக்கவில்லை. முதலில் புறங்கையைக் கதவின்மேல் வைப்பார். ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடுவார். சமையலறை, குளியலறை, துணி பீரோ இருக்கும் அறை, எல்லாவற்றுக்கும் அதே சோதனை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். என் மகள் அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். சில நாட்களில் அவளும் புறங்கையால் கதவைத் தொட ஆரம்பித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கப்பற்படையில் இயந்திரப் பிரிவு மாலுமி. கடலூர் துறைமுகத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர். மாமனார் இன்னமும் படகுக்குப் போகிறார். என் அப்பாவும் கிள்ளைப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர்தான். ஆனால் படித்து வாத்தியாராகி சிதம்பரத்தில் வீடு கட்டிவிட்டார். அதனால் எனக்கு மீன் வாங்கத் தெரியும், கடலைத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவரோடு துறைமுக ஊரின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். மகள் பிறந்ததிலிருந்து பாதி நாள் சிதம்பரத்தில் அம்மா வீடு, பாதி நாள் கடலூரில் மாமியார் வீடு.

அந்த விடுப்பில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய முதல் பணிக்காலம் முடியப்போகிறது. தொடர்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் இன்னும் சில வருடங்கள் கப்பல். கொடுக்காவிட்டால் அடுத்த வருடமே வீடு. அவருக்குத் தொடரத்தான் ஆசை. ஆனால், "நீ சரின்னாதான் கையெழுத்து போடுவேன்" என்று சொல்லியிருந்தார். விடுப்பு முடிவதற்குள் நான் சொல்ல வேண்டும். எனக்கு அவர் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதைச் சொன்னால் சுயநலமாகிவிடுமோ என்றும் இருந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. அவர் விடுப்பில் வருவதற்குச் சில வாரம் முன்பு, தொலைக்காட்சியில் கீழே ஓடும் எழுத்தில் ஒரு வரி. கடற்படைக் கப்பல் ஒன்றில் சிறிய தீ, அணைக்கப்பட்டது. எந்தக் கப்பல் என்று போடவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். சாதாரணமாக தக்காளி விலையிலிருந்து தண்ணீர் லாரி வரைக்கும் ஓயாமல் பேசுகிற குழு. அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை ஒருத்தி ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொன்னாள். அதன் கீழே வரிசையாக ரோஜாப்பூக்கள். ஒருத்திகூட அந்தத் தீயைப் பற்றிக் கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

தீ என்றால் எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதைச் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒருமுறை குடும்பத்தோடு கப்பலுக்குள் அழைத்துப் போனார்கள். ஏணி மாதிரி செங்குத்தான படிகள், மூன்றடுக்குப் படுக்கைகள், டீசலும் பெயிண்டும் சாம்பார் வாசனையும் கலந்த ஒரு காற்று. வழியெல்லாம் சிவப்பு அடித்த குழாய்களும் சுருட்டி மாட்டிய ஹோஸ்களும். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் எதற்கு இத்தனை தீயணைப்பு என்று கேட்டேன். "ஊர்ல தீ புடிச்சா தெருவுக்கு ஓடலாம். இங்க எங்க ஓடுவ?" என்றார். தண்ணீரைவிடத் தீக்குத்தான் கப்பல்காரன் பயப்படுவானாம். சமையல்காரரிலிருந்து கணக்கெழுதுபவர் வரைக்கும் எல்லோருக்கும் தீயணைக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். மணி அடித்தால் சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. மூடிய கதவைத் திறக்குமுன் அந்தப் பக்கம் தீ இருக்கிறதா என்று புறங்கையால் சூடு பார்க்க வேண்டும். ஒருவர் துணி காயப்போடுகிற இடம்கூடச் சட்டப்படிதான். இதையெல்லாம் அவர் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அன்றைக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

அவர் வந்து இறங்கிய அன்றே கேட்டேன். டி.வி.யில் ஏதோ போட்டார்களே என்று தொடங்கினேன். நான் முடிப்பதற்குள், "அது வேற கப்பல்" என்றார். கேள்வி முடியுமுன் வரும் பதிலை வகுப்பறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் பி.எட். முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள்.

அதிலிருந்து அவரைக் கவனிப்பதே என் வேலையாகிவிட்டது. வலது முழங்கைக்குக் கீழே முடியே இல்லை. கேட்டால், கிரீஸ் படுகிறது, மழித்துவிட்டேன் என்றார். ஒரு கையை மட்டுமா? மாடிப்படி ஏறினால் இருமல். படுக்கும்போது கட்டிலின் கீழே செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார், பக்கத்தில் டார்ச். கொடியில் கிடந்த என் நைட்டிகளை ஒருநாள் கையால் கசக்கிப் பார்த்து நைலான் கலந்ததையெல்லாம் தனியே எடுத்து வைத்தார். அடுப்பங்கரையில் பருத்திதான் போட வேண்டும், இது தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். அவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். கேட்டால் பயிற்சியில் சொல்வார்கள் என்பார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். என் சந்தேகத்தின் கஷ்டமே அதுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பதில் இருந்தது.

என் அம்மாவுக்கு வேறு சந்தேகம். போனில் நைட்டி சங்கதியைச் சொன்னதும், "காட்டன் கட்டுறவ எவளையாவது பாத்துட்டானாடி?" என்றாள். போன் வந்தா எங்க நின்னு பேசறான், அதப் பாரு முதல்ல என்று வேறு சொல்லிக்கொடுத்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். போன் வந்தால் அவர் மணலில் இறங்கிப் படகுகள் நிற்கிற இடம் வரைக்கும் நடந்து போய்த்தான் பேசினார். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், இந்தியில், அவர் இருக்கிறாரா என்று கேட்டது. குவார்ட்டர்ஸில் கற்ற அரைகுறை இந்தியில் நீங்கள் யார் என்று கேட்டேன். நீங்கள் மனைவியா என்று அந்தக் குரல் கேட்டது. ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள். அவரிடம் சொன்னபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒரு பிரெண்டோட ஒய்ப்பு" என்றார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். கப்பலில் ஏதாவது நடந்ததாகச் சொன்னாரா அத்தை என்று. அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவேயில்லை. "கடல்ல நடந்தத கரையில கேக்காத. உங்க மாமனாரு எத்தினி வாட்டி கவுந்துட்டு வந்துருப்பாரு, எனக்கு என்னா தெரியும்? வந்து ஒக்காந்தா சோத்தப் போட்டேன். கேட்டனா?" என்றார். அந்தக் குப்பத்தில் அது ஒரு வழக்கம். படகு கவிழ்ந்தாலும், ஆள் தப்பிப் பிழைத்தாலும், ஆண்கள் அதை மணலிலேயே பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பெண்கள் கேட்க மாட்டார்கள், கேட்டால் மறுநாள் அவனுக்குப் படகில் ஏறக் கால் வராது என்பார்கள். என் அப்பா வீட்டில் எதையும் கேட்டுப் பதில் வாங்கித்தான் வளர்ந்தேன். அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கும், என்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்று பிறகுதான் புரிந்தது.

சிதம்பரத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். வஞ்சிரம் வாங்கி மசாலா தடவி வைத்திருந்தது. நாத்தனார் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். நான் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டு கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்த நாத்தனாரின் அலறல் கேட்டது. சட்டியிலிருந்து தீ நிமிர்ந்து நின்றது. அவர் சொம்புத் தண்ணீரை எடுத்துவிட்டார்.

என் கணவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே கீழே அழுத்தினார். தண்ணீர் தரையில் கொட்டியது. அடுப்பைத் திருகி அணைத்து, சோறு வடிக்கிற தட்டை எடுத்து, நம் பக்கமிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளிச் சட்டியை மூடினார். சிலிண்டரை மூடினார். ஜன்னலைச் சாத்தினார். "எல்லாரும் வெளிய" என்றார். கத்தவில்லை, அவ்வளவு தட்டையான குரல். எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இதுவரைக்கும் எனக்கு அவரைப் பற்றிப் பெருமைதான். அடுத்து நடந்ததுதான் வேறு.

தெருவில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் வாய் திறந்து இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்றார். தங்கை சொன்னார், தங்கை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சொன்னேன். மகளுக்கும் சேர்த்து நான் சொல்லப்போனேன், அவளே சொல்லட்டும் என்று அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். மாமனாரைக் காணவில்லை. அத்தை சாதாரணமாக, அப்பா கொல்லையில் வலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

"நீ பாத்தியா?"

"காலையிலேர்ந்து அங்கதாண்டா இருக்காரு."

"இப்ப பாத்தியா? கண்ணால பாத்தியாம்மா நீ?"

அத்தை பதில் சொல்வதற்குள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். கொல்லையில் வலைக்கு நடுவில் உட்கார்ந்து கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த மாமனாரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊசியும் நூலும் மாமனாரின் கையிலேயே இருந்தன. நான் என்னா தொலைஞ்சா போயிட்டேன் என்று அவர் எரிந்து விழுந்தார். அக்கம்பக்கத்தில் கூடிவிட்டார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர், "மச்சான், மீன எண்ணலியே? அதுலயும் ஒண்ணு கொறையுது பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயை அவ்வளவு நிதானமாக மூடிய கைகள் மாமனாரின் தோளை இன்னும் விடவில்லை. 

அன்று முழுக்க அதையே யோசித்தேன். அவருடைய பயம் தீயைப் பற்றியதில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொன்னதுதான் அவரை ஓடவைத்தது.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் மகள் தூங்கிவிட்டாள். பஸ்ஸில் கேட்பதென்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அங்கே நானும் அழ முடியாது, அவரும் எழுந்து மணலுக்குப் போக முடியாது.

"உங்க கப்பல்ல யாரோ கண்ணால பாக்காம சொல்லிட்டாங்க. அப்படித்தான மாமா?"

முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். "யாரோ இல்ல," என்றார். "நான்."

அப்புறம் அவரே சொன்னார். கண்டக்டர் வரும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்தார். கப்பலில் அவருக்கு ஒரு நண்பர், ஒன்றாகச் சேர்ந்தவர், வடக்கத்திக்காரர். இவர்கள் படுக்கிற இடத்துக்குக் கீழே இயந்திரம், இரும்புத் தரையே சுடும். அதனால் அந்த நண்பர் தன் ஷிப்ட் முடிந்ததும் கீழே குளிரூட்டுகிற கருவிகள் இருக்கும் ஒரு சின்ன அறையில் போய் ரகசியமாகத் தூங்குவார். அது கூடாது. ஆனால் ஆள் எண்ணும்போது அவருக்காக யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். அவரும் மற்றவர்களுக்காகச் சொல்வார். அது அவர்களுக்குள் ஒரு உதவி. தூக்கம் அவ்வளவு அரிது. இந்த மாதிரி ஒருவன் இரண்டு குரலில் பதில் சொன்ன கதைகளைக் குவார்ட்டர்ஸில் கேட்டு நானே சிரித்திருக்கிறேன்.

அன்று அந்த அறைக்குப் பக்கத்தில்தான் தீ. மின்சாரக் கம்பியிலிருந்து வந்ததாம். முதலில் ஓடியவர்களில் இவரும் ஒருவர், அதில்தான் கை முடி பொசுங்கியது. அணையவில்லை. அப்படியானால் எல்லோரையும் வெளியேற்றிக் கதவுகளைச் சாத்தி, உள்ளே வாயுவை விட்டுவிடுவார்கள். அந்த வாயுவில் தீயும் மூச்சுவிட முடியாது, ஆளும் மூச்சுவிட முடியாது. அதனால் விடுவதற்கு முன் ஆள் எண்ணுவார்கள். புகை, சத்தம், பேர் பேராகக் கூப்பிடுகிறார்கள். நண்பரின் பேர் வந்தது. "வந்துட்டான்னு சொன்னேன்," என்றார். நினைத்துச் சொல்லவில்லையாம். பல வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்லிவிட்டதாம்.

பக்கத்துச் சுவர் சூடேறாமல் ஹோஸ் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளேயிருந்து இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அதனால் வாயுவை விடாமல் நிறுத்தினார்கள். நண்பரை உயிரோடு தூக்கினார்கள். நெஞ்சு நிறையப் புகை. இன்னமும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விசாரணை நடக்கிறது. பதில் சொன்ன குரல் யாருடையது என்று யாருக்கும் நிச்சயமில்லை, சொன்னவரும் சொல்லவில்லை. நண்பருக்கும் தெரியாது. அவர் மனைவிதான் ஒவ்வொருவராகப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தன் கணவர் வந்துவிட்டார் என்று சொன்னது யார் என்று. இவரிடமும் கேட்டாள். தெரியாது பாபி என்றிருக்கிறார், அண்ணி என்பதற்கு இந்தியில் அப்படித்தான்.

பி.முட்லூரில் பஸ் நின்றது. சுண்டல் விற்கிறவர் ஏறி இறங்கினார். எனக்கு அவரைத் தொடவேண்டும் போலவும் இருந்தது, தள்ளி உட்காரவேண்டும் போலவும் இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் வரும்போதுதான் பேச வந்தது. போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "சொன்னா என்ன தொடர வுட மாட்டாங்க. உனக்கு அதான வேணும்?" என்றார்.

இல்லை என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அந்த எண்ணம் எனக்கு வந்திருந்தது. அவர் "வந்துட்டான்னு சொன்னேன்" என்றபோதே, அந்த நண்பருக்காகப் பதறிய அதே நேரத்தில், மனதின் ஒரு மூலையில் அப்படியானால் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஒன்று கணக்குப் போட்டது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். இத்தனை நாள் அவரைச் சந்தேகப்பட்டேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் அது என் பக்கம் திரும்பிவிட்டது.

சிதம்பரம் வீட்டில் அம்மா அவரை வாங்க வாங்க என்று வரவேற்றுவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். எந்த ஊர்க்காரி, கண்டுபிடிச்சியா என்றாள். அப்படி எதுவும் இல்லம்மா என்றேன். அப்ப இன்னும் கண்டுபிடிக்கல என்றாள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அவள் அதை வைத்து இன்னும் உறுதியாக நம்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் நாங்கள் அவசியத்துக்கு மட்டும் பேசினோம். நான் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் என் ஆசை நிற்பது அவருக்குத் தெரியும். அதை எடுத்து வெளியே வைக்காமல் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை அவர் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, நான் சரின்னு சொல்றேன். எழுதிக் குடுங்க. எத்தன வருஷம்னாலும் நான் இருந்துக்குறேன்."

அவர் நம்பாமல் பார்த்தார்.

"அத சொல்லிட்டேன். இனிமே எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. இப்ப சொல்றேன், அந்த பாபிகிட்ட சொல்லிடுங்க. தப்புச் செஞ்சவர் யாருன்னு தெரியாம அவுங்க எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்காங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் உடனே எழவில்லை. இட்லியை முடிக்கும்வரை ஊட்டினார், வாய் துடைத்துவிட்டார். அப்புறம் போனை எடுத்தார். வெளியே போகவில்லை, கூடத்திலேயே நின்று பேசினார். எனக்குப் புரிகிற இந்திதான். நான்தான் பாபி, என்றார். நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன். திரும்பிப் போனதும் அதிகாரிகளிடமும் சொல்லப்போகிறேன்.  பிறகு அவர் போனை என்னிடம் நீட்டினார். உன்னிடம் பேச வேண்டுமாம் என்றார்.

என் இந்தியில் ஆறுதல் சொல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டே காதில் வைத்தேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், உங்களுக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று.

இரண்டு நாளாக, பஸ்ஸில் சொன்னார் என்றேன். முன்னொரு நாள் நீங்கள் போனை எடுத்தீர்களே, அப்போது தெரியாதா என்றாள். தெரியாது என்றேன். அச்சா, என்றாள். நம்பாதவர்கள் சொல்கிற அச்சா. அது எனக்கு நன்றாகத் தெரிந்த தொனி, அவரிடம் நானே பல வாரமாக அந்தத் தொனியில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மேல் கோபம் வரவில்லை.

அவர் போய்ச் சொன்னார். தண்டனை என்ன, எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் அவர் எனக்கு முழுதாகச் சொன்னார், இங்கே எழுத வேண்டியதில்லை. தொடர எழுதிக்கொடுத்தது ஏற்கப்படவில்லை. நண்பர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், ஆனால் கப்பலுக்கு இனி லாயக்கில்லை என்று கரையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இவரிடம் அவர் பேசுகிறாராம். அவர் மனைவி பேசுவதில்லை.

ஏற்கப்படவில்லை என்று தெரிந்த அன்று கப்பல் துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்துதான் கூப்பிட்டார். அடுத்த வருடம் வந்துவிடுவேன், கடலூரிலோ சிதம்பரத்திலோ ஏதாவது வேலை பார்க்க வேண்டும் என்றார். மகளைப் பற்றிக் கேட்டார். பிறகு, "சந்தோஷமா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்க வர்றது சந்தோஷம். இப்படி வர்றது இல்ல," என்றேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லும்போதே என் குரலை நானே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.  அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் தீப்பயிற்சிக்கு அழைக்கிற மணி அடித்தது. "கூப்புடுறாங்க, போயி நிக்கணும்" என்று வைத்துவிட்டார்.